பாதியில் நின்ற பிறப்புச் சான்றிதழ்

கொஞ்சம் நீளமான பதிவு. இப்ப நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 6 பெற்றோர் கூட்டத்தில் ஒரு சகோதரர் எழும்பிக் கேட்டார். "டீச்சர், புள்ளைகள்ர பேர்த் சேர்ட்டிபிகேட்ட திரும்பவும் கேக்கிறீங்க. போனமுற மாதிரி இதுகளும் அழிஞ்சி போகாதா?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். "இந்தமுறை அப்படி நடக்காது, இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு அடுத்த விடயத்துக்குப் போனேன். வீட்டுக்கு வந்து சமையலறையில் நின்ற நேரமெல்லாம் அந்தக் கேள்விதான் மண்டைக்குள் நின்றது. அவர் கேட்டது நியாயம். 2022 இல் என்ன நடந்தது என்று நான் இன்றுவரை யாருக்கும் ஒழுங்காகச் சொன்னதில்லை. "கொம்பியூட்டர் பழுதாப் போய்ட்டு" என்று சொல்லித் தப்பிவிட்டேன். கொம்பியூட்டர் பழுதானது உண்மைதான். ஆனால் பிள்ளைகளின் ஆவணங்கள் போனது என் பிழையால். அதைத்தான் எழுத வந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கொம்பியூட்டர் படித்துவிட்டு வந்தவள் இல்லை. கல்வியியற் கல்லூரியில் எனது பாடம் கணிதம். நியமனம் கிடைத்த பாடசாலையில் ஐசிடி ஆசிரியர் வெற்றிடம் இருந்தது. அதிபர் ஆய்வுகூடத்தின் திறப்பை என் கையில் தந்து, "நீங்க இளம் ஆள், பாத்துக்கங்க" என்றார். அவ்வளவுதான் என் தகைமை. உயர்தர ஐசிடி பாடத்திட்டத்தில் பிஎச்பியும் மைஎஸ்க்யூஎல்லும் இருக்கின்றன. இரவு நான் படிப்பேன், காலையில் அதையே படிப்பிப்பேன். விளங்காவிட்டால் கொழும்பில் சொப்ட்வெயார் வேலை செய்யும் தம்பிக்குக் கோல் எடுப்பேன்.

கொரோனா காலத்தில் பாடசாலை பூட்டிக் கிடந்தபோதுதான் இந்தச் சின்ன வெப் அப்பைச் செய்தேன். தேவை என்னவென்றால், அதிபர் அறையில் ஓர் இரும்பு அலுமாரி. அதற்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பைல். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, தடுப்பூசி அட்டை, முந்திய பாடசாலையின் விடுகைப் பத்திரம். கீழ்த்தட்டைக் கறையான் தின்றுவிட்டது. மேல்தட்டில் எந்தப் பைல் எங்கே என்று கிளார்க் நானாவுக்கு மட்டும்தான் தெரியும். அவர் லீவு எடுத்தால் அன்றைக்கு ஒரு பைலும் வெளியே வராது.

2022 இல் கடதாசித் தட்டுப்பாடும் வந்தது. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள், ஞாபகம் இருக்கும். எங்கள் பாடசாலையில் போட்டோகொப்பி மெஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டோம். அதனால் நான் பெற்றோரிடம் சொன்னேன்: "கொப்பி வேண்டாம், ஒரிஜினலைக் கொண்டு வாங்க, போனில் எடுத்துவிட்டுக் கையோடு தருகிறேன்." எல்லாருக்கும் சந்தோஷம். 312 பிள்ளைகளின் ஆவணங்கள் இரண்டு மாதத்தில் உள்ளே போய்விட்டன. கறையான் தின்ற பழைய பைல்களை எரித்தும் விட்டோம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அது விளங்கினால்தான் என் பிழையும் விளங்கும்.

தரவுத்தளம் என்று பெரிதாகச் சொன்னாலும் அது எங்கள் வரவு இடாப்பு மாதிரியான ஒன்றுதான். நிரைகள், நிரல்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நிரை. சேர்விலக்கம், பெயர், பிறந்த திகதி, பெற்றோரின் தொலைபேசி என்று நிரல்கள். சேர்விலக்கம்தான் முதன்மைச் சாவி, இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே இலக்கம் வராது. இப்படி அட்டவணை அட்டவணையாகப் பிரித்து, சாவிகளால் ஒன்றையொன்று தொடுத்து வைப்பதைத்தான் தொடர்புநிலைத் தரவுத்தளம் என்கிறோம். எட்கர் கொட் என்பவர் 1970 இல் எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து வந்த யோசனை.

இடாப்பில் எழுத்தும் இலக்கமும் எழுதலாம். போட்டோவை எங்கே வைப்பது? வழமையாக எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். போட்டோவை சேர்வரில் ஒரு போல்டருக்குள் போட்டுவிட்டு, அது இருக்கும் பாதையை மட்டும் இடாப்பில் எழுதினேன். "இந்தப் பிள்ளையின் சான்றிதழ் இந்தப் போல்டரில் இந்தப் பெயரில் இருக்கிறது" என்ற ஒரு வரி. இது பிழையான முறை இல்லை. பெரிய பெரிய இணையத்தளங்களும் இப்படித்தான் செய்கின்றன. ஆனால் இந்த முறையில் சாமான் இரண்டு இடத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

ஒவ்வொரு வியாழக்கிழமையும் பாடசாலை விட்ட பிறகு தரவுத்தளத்தை எக்ஸ்போர்ட் பண்ணி என் பென் டிரைவில் ஏற்றுவேன். ஒரு கிழமையும் தவறவிட்டதில்லை. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பைல் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை. 312 பிள்ளைகள், போட்டோக்கள் உட்பட, ஒரு எம்பிகூட இல்லை. கணித ஆசிரியைக்கு அந்தக் கணக்கு இடித்திருக்க வேண்டாமா?

மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒருநாள் கரண்ட் போய்த் திரும்பி வந்தபோது அலுவலகக் கொம்பியூட்டர் எழும்பவில்லை. யூபிஎஸ்ஸின் பற்றரி எப்போதோ செத்துப் போயிருந்தது. கடைக்காரத் தம்பி ஹார்ட் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டார். "டிக் டிக் எண்டு சத்தம் வருது டீச்சர். இதுக்குள்ள இருக்கிறத எங்களால எடுக்கேலா." கொழும்பில் எடுத்துத் தருகிற இடம் ஒன்று சொன்ன விலை என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல்.

எனக்குப் பயமே வரவில்லை. பென் டிரைவ் இருக்கிறதே. ஆய்வுகூடத்துப் பழைய மெஷின் ஒன்றில் எல்லாவற்றையும் போட்டு, தரவுத்தளத்தை இம்போர்ட் பண்ணினேன். 312 நிரைகளும் வந்தன. பெயர், திகதி, போன் இலக்கம் எல்லாம் சரி. "அல்ஹம்துலில்லாஹ்" என்று அதிபரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்து, முதல் பிள்ளையின் ஆவணத்தைத் திறந்தேன்.

உடைந்த படத்தின் சின்ன அடையாளம் மட்டும் வந்தது. அடுத்த பிள்ளை, அதுவும் அப்படித்தான். கடைசிப் பிள்ளை வரை போனேன்.

இடாப்பில் விலாசம் இருந்தது, வீடு இல்லை. எக்ஸ்போர்ட் என்பது தரவுத்தளத்துக்குள் இருப்பதைத்தான் எடுக்கும். வெளியே போல்டரில் கிடந்த போட்டோக்களை அது எப்படி எடுக்கும்? அவை அந்த டிக் டிக் சத்தத்தோடு போய்விட்டன.

விலாசம் இருந்து வீடு இல்லாமல் போவது எங்கள் கரையோர ஊர்களில் வெறும் உவமை இல்லையே. 2004 டிசம்பர் 26 இல் எங்கள் வீட்டில் முதலில் போனது வாப்பாவின் இரும்புப் பெட்டி. காணி உறுதி, கலியாணப் பதிவு, எங்கள் எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ்கள். நான் அப்போது பாடசாலை மாணவி. முகாமில் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி "பேர் என்ன", இரண்டாவது "ஆதாரம் என்ன". நடமாடும் சேவைகள் வந்தன, உம்மா வெயிலில் வரிசையில் நின்றா. இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஆவணங்கள் மூன்று பொலித்தீன் பைகளுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும். மழை இருட்டினால் உம்மா முதலில் அந்தப் பையைத்தான் எடுப்பா, பிறகுதான் கொடியில் காயும் உடுப்பு.

அப்படி வளர்ந்த நான்தான் 312 பிள்ளைகளின் ஆவணங்களை ஒரே ஓர் இடத்தில் வைத்திருந்தேன்.

அதிபர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "ஒரிஜினல் பெற்றோர்ட்ட இருக்கிதானே, திரும்ப வாங்குவம்" என்றார். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் எல்லாரிடமும் இருக்கவில்லை.

தரம் 10 மகள் ஒருவர். உம்மா வெளிநாட்டில் வேலை. பிள்ளை மூத்தம்மாவோடு இருக்கிறா. அடையாள அட்டை விண்ணப்பம் பாடசாலை மூலமாகப் போக வேண்டும், ஓ.எல் பரீட்சைக்கு அது தேவை. மூத்தம்மா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றா.

"மகள், எங்கட ஊட்டுக்க வெள்ளம் வந்து அது கரைஞ்சி போய்ட்டு. நீங்க போட்டோ புடிச்சி வெச்சிரிக்கீங்கதானே, அதத் தாங்க."

என்ன பதில் சொல்வது? "பாத்துச் சொல்றன் மூத்தம்மா" என்று அனுப்பிவிட்டேன். அந்தப் பிள்ளை இங்கே பிறந்தவள் இல்லை, வேறு மாவட்டத்தில் பிறந்து பதிந்தவள். எந்தப் பதிவாளர் பிரிவு என்று மூத்தம்மாவுக்குத் தெரியாது. உம்மாவுக்குக் கோல் எடுத்தால் வேலை செய்யும் வீட்டுக்காரர் போனைக் கொடுக்கும் நாளில்தான் பேசலாம்.

அன்றைக்கு இரவு அந்தப் பிள்ளையின் நிரையைத் திறந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். படம் இல்லை. ஆனால் பக்கத்து நிரல்களில் ஏதோ எழுதி இருந்தது. பதிவு இலக்கம், பதிவு செய்த திகதி, மாவட்டம், பிரிவு. இந்த நிரல்களை நான் வைத்திருந்தது எனக்கே ஞாபகமில்லை. கட்டாயமாக்காமல் விட்டவை. போட்டோதான் இருக்கிறதே, அதைப் பார்த்து யாரும் டைப் பண்ணத் தேவையில்லை என்று நினைத்து 108 பிள்ளைகளுக்கு வெறுமையாக விட்டிருந்தோம். மற்ற 204 பேருக்கும், உதவிக்கு நின்ற தரம் 12 பிள்ளைகள் பொறுமையாக டைப் பண்ணியிருக்கிறார்கள். இந்த மகள் அந்த 204 இல் ஒருத்தி.

அந்த நான்கையும் ஒரு துண்டில் எழுதி மூத்தம்மாவிடம் கொடுத்தேன். இலக்கமும் திகதியும் கையில் இருந்தால் பிரதி எடுப்பது லேசு. இல்லாவிட்டால்தான் பதிவேட்டைப் புரட்டித் தேட வேண்டும். விண்ணப்பத்துக்குத் தேவையான உறுதிப்படுத்திய பிரதி வந்து சேர்ந்தது. உண்மையில் என்னிடம் போட்டோ இருந்திருந்தாலும் அதை அடையாள அட்டைக்கு ஏற்றிருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது அந்த இலக்கம்தான். இப்போது அந்த நான்கு நிரல்களும் கட்டாயம். அவற்றை நிரப்பாமல் என் அப்பில் போட்டோவை ஏற்றவே முடியாது.

வெறுமையாக இருந்த 108 பேரின் பெற்றோருக்கும் நானே கோல் எடுத்தேன். ஒரு வாப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "கொம்பியூட்டர்ல போட்டா அழியா எண்டுதானே நீங்க சென்னீங்க?" ஆம், நான்தான் சொன்னேன்.

இனி இரண்டாவது முயற்சி. தம்பியிடம் கேட்டேன், போட்டோவையே தரவுத்தளத்துக்குள் போட ஏலாதா?

"ஏலும் ராத்தா. அதுக்கெண்டே ப்ளொப் எண்டு ஒரு டைப் இரிக்கி. ஆனா எல்லாரும் போட வேணாம் எண்டுதான் சொல்லுவாங்க."

இந்தப் பெயரே வேடிக்கையானது. ஜிம் ஸ்டார்க்கி என்ற பொறியியலாளர் வைத்தது. 1958 இல் வந்த ஒரு ஹொலிவூட் படத்தில் எதைக் கண்டாலும் விழுங்கி வளரும் ஒரு கூழ்ப் பிராணி வருமாம், அதன் பெயர். "பைனரி லார்ஜ் ஒப்ஜெக்ட்" என்ற மரியாதையான விரிவை மற்றவர்கள் பிறகுதான் ஒட்டினார்களாம், அவரே சொன்ன கதை. எழுத்தோ இலக்கமோ இல்லாத எதையும், படமோ பாட்டோ, பைட்டுகளாக அப்படியே விழுங்கி வைத்துக்கொள்ளும் நிரல் அது.

இரவிரவாக எழுதி முடித்தேன். முதல் சிக்கல் உடனேயே வந்தது. போட்டோவின் பைட்டுகளுக்குள் மேற்கோள் குறி மாதிரியான எழுத்துகளும் வரும். அதைக் கட்டளைக்குள் நேரே ஒட்டினால் வாக்கியம் நடுவில் உடைந்துவிடும். முன்கூட்டித் தயாரித்த கட்டளையில் இடம் விட்டு, பைட்டுகளைத் தனியாகக் கையளிக்க வேண்டும். பெயர், விலாசம் போன்றவற்றுக்கும் இதுதான் பாதுகாப்பான முறை. என் உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. பிள்ளைகளே, வாசிக்கிறீர்கள்தானே?

அடுத்த நாள் ஒரு பிள்ளையின் சான்றிதழை ஏற்றித் திறந்தேன். வந்தது! மேலே அரச இலச்சினை, பெயர், பிறந்த இடம் எல்லாம் தெளிவாக. அதற்குக் கீழே சாம்பல் நிறம். பாதிப் படம். பதிவாளரின் கையொப்பமும் முத்திரையும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. எந்தப் பிழைச் செய்தியும் காட்டவில்லை. "வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது" என்று நான் எழுதிய பச்சை எழுத்துதான் தெரிந்தது.

தம்பிக்குப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் சிரித்தான்.

"ராத்தா, என்ன டைப் போட்டிரிக்கீங்க?"

"ப்ளொப்தான். நீ சொன்னதுதானே."

"வெறும் ப்ளொப் 65,535 பைட்டுதான் புடிக்கும். மிச்சத்த வெட்டிப் போட்டிரிக்கி."

மைஎஸ்க்யூஎல்லில் இது நான்கு அளவில் வருகிறது. டைனிப்ளொப் 255 பைட். ப்ளொப் 65,535, அதாவது 64 கேபி. மீடியம்ப்ளொப் 16 எம்பி. லோங்ப்ளொப் 4 ஜிபி. என் படம் 180 கேபி. கண்டிப்பான முறையில் ஓடும் சேர்வர் என்றால் "தரவு நீளம் கூடிவிட்டது" என்று சொல்லி ஏற்க மறுத்திருக்கும். எங்கள் மெஷினில் அந்தக் கண்டிப்பு அணைந்து கிடந்தது. அதனால் கொள்ளுமட்டும் கொண்டுவிட்டு, வெறும் எச்சரிக்கையோடு மிச்சத்தைக் கொட்டிவிட்டது. அந்த எச்சரிக்கையை நான் வாசிக்கவும் இல்லை. படத்தைத் திறந்து பார்க்காமல் விட்டிருந்தால் 312 பாதிச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு மறுபடியும் பெருமையாக இருந்திருப்பேன். மீடியம்ப்ளொப்பாக மாற்றி, கண்டிப்பு முறையையும் போட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு வாசல்கள் இருந்தன. பிஎச்பி சாதாரணமாக 2 எம்பிக்கு மேல் ஒரு பைலை ஏற்க விடாது. தரவுத்தளத்துக்கு ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பொதிக்கும் ஒரு அளவுண்டு, எங்கள் மெஷினில் அது 1 எம்பியாக இருந்தது. போனில் எடுத்த படம் 3, 4 எம்பி வரும். எல்லா வாசலையும் அகலமாக்குவதை விட, ஏற்றும்போதே படத்தின் அளவைக் குறைப்பது நல்லது என்று பட்டது. சான்றிதழ் வாசிக்கக்கூடியதாக இருந்தால் போதும், சுவரில் மாட்டப் போவதில்லையே. இப்போது ஒரு படம் 200 கேபி அளவில் வருகிறது.

பக்கத்துப் பாடசாலை ஐசிடி சேர் ஒருவர், "பைனரி எதுக்கு, பேஸ் 64 ஆக்கி எழுத்தாப் போடுங்க, லேசு" என்றார். லேசுதான். ஆனால் மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்குகிறது. மூன்றில் ஒரு பங்கு சும்மா வீங்கும். தேவையில்லை என்று விட்டேன்.

திரும்ப எடுக்கும் பக்கத்திலும் ஒரு கூத்து நடந்தது. தரவுத்தளத்தில் இருந்து பைட்டுகளை எடுத்து பிரவுசருக்கு அனுப்பும்போது, முதலில் "வருவது ஜேபெக் படம்" என்று தலைப்பில் அறிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரவுசர் அதை எழுத்து என்று நினைத்துக் கிறுக்கலாகக் காட்டும். நான் அறிவித்திருந்தேன். ஆனாலும் ஒரு படமும் வரவில்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்தேன். கடைசியில் பார்த்தால், பைலின் தொடக்கத்தில், பிஎச்பிக் குறிக்கு முன்னால் ஒரே ஒரு வெற்று வரி. அந்த வெற்று வரி படத்துக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்கிறது, படம் கெட்டுவிடுகிறது. கணிதத்தில் புள்ளி ஒன்றை விட்டால் புள்ளி வெட்டும் நான், ஒரு என்டருக்கு இரண்டு நாள் கொடுத்தேன்.

பிறகு மாணவர் பட்டியல் பக்கம் ஆமை மாதிரி ஊர ஆரம்பித்தது. பட்டியலுக்குப் பெயர் மட்டும் போதும். நான் சோம்பேறித்தனமாக "எல்லா நிரல்களையும் தா" என்று கேட்டிருந்தேன். அதுவும் சொன்னபடி ஒவ்வொரு பெயருக்கும் படத்தையும் தூக்கிக்கொண்டு வந்தது. படங்களைத் தனி அட்டவணைக்கு மாற்றி, சேர்விலக்கத்தை அந்நியச் சாவியாகப் போட்டேன். இப்போது யாராவது ஆவணத்தைத் திறந்தால் மட்டும் அது வரும்.

"எல்லாரும் போட வேணாம் எண்டு சொல்லுவாங்க" என்று தம்பி சொன்னதை நான் சும்மா விடவில்லை. தேடிப் படித்தேன். 2006 இல் மைக்ரோசொப்ட் ரிசேர்ச்சில் ரசல் சியர்ஸ், கத்தரின் வான் இங்கன், ஜிம் கிரே மூவரும் இதையே அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சோதித்த முறைமையில் 256 கேபிக்குக் குறைந்தவை தரவுத்தளத்துக்குள் இருப்பது நல்லது, 1 எம்பிக்கு மேற்பட்டவை வெளியே கோப்பாக இருப்பது நல்லது, இடைப்பட்டவை எவ்வளவு அடிக்கடி மாற்றி எழுதப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. இருபது வருடத்துக்கு முந்திய அளவு, வேறு மெஷின்கள். ஆனாலும் எனது 200 கேபிச் சான்றிதழுக்கு ஒரு வழிகாட்டலாக அது போதும். விளையாட்டுப் போட்டி வீடியோக்களை நான் உள்ளே போடவில்லை, அவை இன்னும் போல்டரில்தான். அந்த ஜிம் கிரே 1998 இல் டூரிங் விருது பெற்றவர். 2007 ஜனவரியில் தாயாரின் அஸ்தியைக் கடலில் தூவுவதற்காக சான் பிரான்சிஸ்கோவில் இருந்து பாய்மரப் படகில் தனியாகப் போனவர் திரும்பவே இல்லை. அதை வாசித்த அன்றைக்கு வேலை ஓடவில்லை.

உள்ளே போட எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இதை எழுதுவதா விடுவதா என்று யோசித்தேன். பெற்றோருக்குத் தெரிய வேண்டும், எழுதுகிறேன். பழைய முறை ஓடிய காலத்தில் தரம் 11 மாணவன் ஒருவன் ஆய்வுகூடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான்.

"டீச்சர், ஒரு விசயம் செல்லட்டா? ஏச மாட்டீங்களே?"

பிரவுசரின் விலாசப் பட்டியில் ஓர் இலக்கத்தை மாற்றினான். அவனது சான்றிதழ் இருந்த இடத்தில் வேறொரு பிள்ளையின் சான்றிதழ் வந்தது. பெற்றோர் பெயர், விலாசம், எல்லாம். பெற்றோர் திருமணமானவர்களா என்ற கேள்வியும் அதில் இருந்தது. சில வீடுகளில் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் கடதாசி அது. போல்டர் இணையத்துக்குத் திறந்து கிடந்தது. லொகின் பக்கம் முன்வாசலுக்கு மட்டும்தான் பூட்டு, பின்வேலி திறந்த வேலி. நல்ல பிள்ளை, என்னிடம் வந்து சொன்னான். சொல்லாமல் விட்டிருந்தால்? அன்றைக்கே அந்தப் போல்டரை மூடினேன். இந்தப் பாதுகாப்பு தரவுத்தளத்தால் மட்டும் கிடைப்பது என்று நினைக்க வேண்டாம். போல்டரை வெப்சேர்வருக்கு வெளியே வைத்தும் இதைச் செய்யலாம். தரவுத்தளத்துக்குள்ளே போட்டாலும் "கேட்பவர் யார்" என்று பார்க்காமல் கொடுத்தால் கதை ஒன்றுதான். இப்போது என் அப்பில் ஆவணத்தைத் திறப்பவர் பெயரும் நேரமும் தனியாகப் பதிகிறது. நான் திறந்தாலும் பதிகிறது.

பெக்கப் பற்றிச் சொல்ல வேண்டும், கேள்வியே அதுதானே. வியாழக்கிழமைப் பைல் இப்போது பெரிது. படங்களை எழுத்துருவில் எக்ஸ்போர்ட் பண்ணும்போது ஒரு பைட் இரண்டு எழுத்தாகிறது, சுருக்கினால் திரும்பக் குறைகிறது. இரண்டு பென் டிரைவ். ஒன்று அதிபரின் இரும்பு அலுமாரியில், மற்றது கடலில் இருந்து தள்ளி, உள்ளூரில் இருக்கும் ஓர் ஆசிரியை வீட்டில். இரண்டும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியவை. ஒவ்வொரு படத்தையும் ஏற்றும்போதே அதன் பைட்டுகளில் இருந்து ஒரு சரிபார்ப்புக் கோவையைக் கணித்துப் பக்கத்து நிரலில் எழுதி வைக்கிறது. திரும்ப எடுக்கும்போது மறுபடியும் கணித்து ஒப்பிடும். ஒரு பைட் மாறினாலும் காட்டிக் கொடுத்துவிடும். கடதாசிப் பிரதியையும் ஒன்று வாங்கி வைக்கிறோம், கடதாசி கிடைக்கிறதுதானே இப்போது.

தவணைக்கு ஒரு தடவை, வெறும் மெஷின் ஒன்றில் அந்தப் பென் டிரைவை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முதலில் இருந்து எழுப்பிப் பார்க்கிறோம். 2022 க்கு முன் நான் ஒருதடவைகூடச் செய்யாத வேலை இது.

சகோதரர் கேட்ட கேள்விக்குப் பிறகு, தவணை முடியும்வரை காத்திராமல் நேற்றே செய்தோம். உயர்தரப் பிள்ளைகள் நான்கு பேர், கிளார்க் நானா, நான். நாற்பது நிமிடம் எடுத்தது. கிளார்க் நானா கண்ணை மூடிக்கொண்டு ஒரு சேர்விலக்கம் சொன்னார். திறந்தோம். படம் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கியது. இலச்சினை, பெயர், திகதி, கடைசியில் பதிவாளரின் கையொப்பம், பாதி அழிந்த ஊதா முத்திரை.

தரம் 6 பெற்றோர், வியாழக்கிழமை காலை 8 மணியில் இருந்து 11 மணிவரை ஆய்வுகூடத்தில் இருப்பேன். ஒரிஜினலோடு ஒரு போட்டோகொப்பியும் கொண்டு வாருங்கள். லெமினேட் பண்ணாமல்.